பவுடர் டப்பாவில் செம்மண்

சாந்தோம் பேராலயத்தில் ஒரு கல்யாணம், பத்தரைக்குப் பூசை என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள், பத்தே முக்கால் ஆகியும் பெண் வந்து சேரவில்லை, சரி என்று வெளியே மெழுகுதிரி ஏற்றும் இடத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன், கடற்காற்றுக்குச் சுடர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அணைவதும் மறுபடி பிடித்துக்கொள்வதுமாக இருந்தன. பக்கத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டு திரி பொருத்தினான், அவன் கை சாய்ந்து ஒரு சொட்டு என் புறங்கையில் விழுந்தது, சுரீரென்று சுட்டு, மறுநொடியே ஆறி, தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக உறைந்தது. நகத்தால் அதைப் பெயர்த்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டினேன், எதற்கு உருட்டினேன் என்று தெரியாது, உருட்டிய விரல் தானாக மூக்குக்கு வந்தது, வந்ததும் சைதாப்பேட்டை வீட்டுப் பின்கட்டு, தையல் பெட்டி, பாட்டியின் கை.

பாட்டி மெழுகை வீணாக்க மாட்டாள். கோயிலில் திரி ஏற்றிவிட்டு வந்ததும் விரலில், நகக்கண்ணில், சில சமயம் புடவைக் கரையில் ஒட்டியிருப்பதை எல்லாம் சுரண்டி எடுத்து நெல்லிக்காய் அளவில் இருந்த ஓர் உருண்டையோடு சேர்த்து அப்புவாள், பல வருடத்து மெழுகு சேர்ந்து அது பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. பித்தான் தைக்க உட்காரும்போது நூலை அந்த உருண்டைமேல் இரண்டு தடவை இழுப்பாள், நூல் விறைத்துக்கொள்ளும், சிக்கு விழாது, ஊசிக்காதில் ஒரே குத்தில் நுழையும், இழுத்து இழுத்து உருண்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழுந்திருக்கும். எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளின் பித்தான்கள் எல்லாம் தோமையார் கோயில் மெழுகில்தான் நின்றன, எத்தனை துவைத்தாலும் கழுத்துப் பித்தானைப் பல்லில் கடித்தால் அந்த வாசனை வரும், மெழுகும் தேங்காயெண்ணெயும் அவள் விரலில் எப்போதும் இருந்த சின்ன வெங்காயமும்.

நாங்கள் தக்கலைப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்கு மெட்ராஸில் வேலை, பாட்டாவும் பாட்டியும் வயதான காலத்தில் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். பாட்டா திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார், தமிழையும் மலையாளத்தையும் ஒரே வேகத்தில் வாசிப்பார், ஆங்கிலத்தைக் கொஞ்சம் நிதானமாக. பாட்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான், ஆனால் எதையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வாள், துணியை, கத்திரிக்காயை, பிள்ளையின் நெற்றியை, சுரூபத்தின் பாதத்தை. அந்தக் காலத்தில் தோமையார் கல்லறைக்குக் கோயிலுக்குள்ளிருந்தே படி இறங்க வேண்டும், இறங்க இறங்க வெளிச்சம் குறையும், அணைந்த திரியின் புகையும் வேர்வையும் ஈரக் கல்லின் வாடையும் மேலே வரும், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே பாட்டி கையை நீட்டிக் கல்லைத் தொடுவாள், தொட்ட விரலை என் நெற்றியில் ஒற்றுவாள். "கண்ணால பாத்தா போதாது மக்கா, கைய வச்சுக் கும்பிடு" என்பாள். அந்தக் கல்லறைக்குள் இருப்பவரே அப்படிச் சொன்ன ஆள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பாட்டியிடம் ஒரு குட்டிக்கூரா பவுடர் டப்பா இருந்தது, அதில் தோமையார் மண். யாருக்காவது காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போவதற்கு அப்பா சட்டை மாட்டுவதற்குள் பாட்டி டப்பாவைத் திறந்துவிடுவாள், ஒரு சிட்டிகை மண்ணை வெந்நீரில் போட்டுக் கலக்கி, அடியில் தெளிய விட்டு, மேலாக இறுத்துக் குடிக்கக் கொடுப்பாள், மழை பெய்து ஓய்ந்த முற்றத்தை நாக்கால் நக்கியதுபோல ஒரு ருசி. அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை, மாமியாரிடம் சொல்ல முடியாமல் பாத்திரத்தை வேகமாகக் கழுவுவாள். பாட்டாவுக்கு இருந்த புகார் வேறு, வீட்டில் ஐந்து பிள்ளைகள், வருடத்துக்கு எத்தனையோ காய்ச்சல், அக்கம்பக்கத்துக் காய்ச்சல் தனி, ஆனால் டப்பா மட்டும் குறைவதே இல்லை. "எடீ, இது என்ன, அட்சய பாத்திரமா?" என்று கேட்பார். "ஒங்களுக்கு எல்லாத்துலயும் எடங்கேறுதான்" என்று மூடியை அழுத்தி மூடுவாள்.

பாட்டாவுக்குத் தோமையார்மேல் பக்தி என்று சொல்ல முடியாது, வகுப்பில் கேள்வி கேட்கிற பையன்மேல் வாத்தியாருக்கு இருக்கும் ஒரு பிரியம், அதுதான். மூக்குப்பொடியை இரண்டு விரலில் எடுத்துக்கொண்டு, உறிஞ்சாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கதை சொல்லுவார், கதை முடிவதற்குள் பாதிப் பொடி வேட்டியில் கொட்டிவிடும். யோவான் எழுதிய நற்செய்தியில் தோமா வாய் திறக்கிற சந்தர்ப்பங்கள் கொஞ்சம்தான், லாசரைப் பார்க்க யூதேயாவுக்குத் திரும்பிப் போனால் கல்லால் அடித்துக் கொல்வார்கள் என்று மற்ற சீடர்கள் தயங்குகையில், சாவதானால் அவரோடு சேர்ந்தே சாகலாம் என்று கிளம்பச் சொன்னது இவர், கடைசி இராவுணவின்போது நீர் போகிற இடமே எங்களுக்குத் தெரியாதே, வழி எப்படித் தெரியும் என்று வெளிப்படையாகக் கேட்டது இவர், ஆனால் ஊர் உலகம் ஞாபகம் வைத்திருப்பது விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த மூன்றாவதை மட்டும். "தைரியமா கெளம்பினதுக்குப் பேரு வைக்கல, சந்தேகப்பட்டதுக்குப் பேரு வச்சுட்டானுவ" என்பார் பாட்டா. தோமா என்பதே பேர் இல்லை, அரமேயத்தில் இரட்டையர் என்று அர்த்தம், கிரேக்கத்தில் அதையே திதிமு என்றார்கள், கூடப் பிறந்த அந்த இன்னொருவர் யார் என்று யோவான் சொல்லவில்லை.

அதைவிடப் பாட்டாவுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எட்டு நாள் கழித்து இயேசு வந்து நின்று, கையை நீட்டு, தொட்டுப் பார் என்கிறார், உடனே தோமா விசுவாசத்தை அறிக்கையிடுகிறார், ஆனால் அவர் விரலை விட்டாரா இல்லையா என்று யோவான் எழுதவே இல்லை. பின்னால் வந்த ஓவியர்கள்தான் விட்டதாக வரைந்தார்கள், கரவாஜியோ 1600-களின் தொடக்கத்தில் வரைந்த படத்தில் விரல் காயத்துக்குள் போயே இருக்கிறது, இயேசு மணிக்கட்டைப் பிடித்து வழிகாட்டுகிறார், தோமையாரின் சட்டைத் தோள்பட்டையில் தையல் விட்டிருக்கும், அந்தப் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கிழிசல்தான், பாட்டி பார்த்திருந்தால் நூலை எடுத்திருப்பாள். "விடலன்னு எழுதியிருக்கா?" என்று பாட்டி உள்ளேயிருந்து கேட்பாள். "விட்டார்னும் எழுதல." "அப்ப விட்டிருப்பாரு. கைய நீட்டச் சொன்ன பெறகு விடாம யாராவது இருப்பாவளா?" பாட்டா மிச்சப் பொடியை உறிஞ்சி அந்த வாதத்தைத் தும்மலில் முடித்துக்கொள்வார்.

சாயங்காலங்களில் பாட்டா என்னைச் சின்னமலைக்குக் கூட்டிப் போவார், 1551-இல் போர்த்துக்கீசியர் கட்டிய சின்னக் கோயில், அதற்குள்ளே குகை, எதிரிகளுக்கு ஒளிந்து தோமையார் அங்கே இருந்தார் என்பது கதை. குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே பாறை எண்ணெய்ப் பிசுக்கோடு மினுங்கும், எத்தனையோ பேர் கை வைத்துக் கை வைத்து வழவழத்த மினுக்கம், ஒரு பள்ளத்தைக் காட்டித் தோமையாரின் கைத்தடம் என்பார்கள், என் கையை அதில் வைத்தால் பாறை அப்போதுதான் குளித்து வந்த ஆள்போலக் குளிர்ந்திருக்கும். பாட்டா கை வைக்க மாட்டார், வாசலிலேயே நின்று, கண்ணாடியின் ஒடிந்த காலைக் கட்டியிருந்த நூலைச் சரிசெய்துகொண்டு, அடையாற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும் வழியில் சைதாப்பேட்டைப் பாலத்தடியில் ஒரு பழைய கல்வெட்டைக் காட்டுவார், 1726-இல் பாலம் கட்டிய அர்மீனிய வியாபாரி கோஜா பெத்ருஸ் உஸ்கானின் பெயர் அதில் உண்டு, பரங்கிமலைக்குப் படி கட்டியதும் அவர்தான், செத்த பிறகு உடலை வேப்பேரியில் அடக்கிவிட்டு இதயத்தை மட்டும் எடுத்துப் பாரசீகத்தில் அவர் பிறந்த ஜுல்பாவுக்கு அனுப்பினார்களாம். இதைக் கேட்டதும் பாட்டி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "நெஞ்ச எடுத்தா அனுப்பினாவ?" என்று கேட்டது நினைவிருக்கிறது, கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பரங்கிமலை என்றால் பெரிய ஏற்பாடு, கட்டுச்சோறு, தண்ணீர்க் கூஜா, பாட்டிக்கு மூட்டுக்கு ஒரு கைத்தடி. உஸ்கானின் படிகள் நூற்று முப்பதுக்கு மேல், பாட்டி ஒவ்வொரு படியையும் குனிந்து தொட்டுக்கொண்டே ஏறுவாள், பாட்டா எண்ணிக்கொண்டே ஏறுவார், மேலே போய்ச் சேரும்போது இரண்டு பேருக்கும் மூச்சு ஒரே மாதிரி வாங்கும். பலிபீடத்தில் பதித்திருக்கும் அந்தக் கல் சிலுவையை 1547-இல் அஸ்திவாரம் தோண்டும்போது கண்டெடுத்தார்கள், தோமையாரே கையால் செதுக்கியது, அதை அணைத்துக்கொண்டுதான் உயிர் விட்டார் என்பது மலைமேல் சொல்வது, சுற்றி இருக்கும் எழுத்து பாரசீகத்துப் பஹ்லவி, ஏழெட்டாம் நூற்றாண்டு வேலை என்பது கீழே படித்தவர்கள் சொல்வது. 1558-இல் தொடங்கி 1704 வரைக்கும் டிசம்பர் 18-ஆம் தேதி பூசை நேரத்தில் அந்தக் கல் வேர்த்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாட்டாவுக்கு எழுத்து முக்கியம், பாட்டிக்கு வேர்வை முக்கியம். நான் இரண்டையும் விட்டுவிட்டு மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களை எண்ணிக்கொண்டிருப்பேன், அப்போதெல்லாம் அரை மணிக்கு ஒன்று, ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்க்கலாம், இப்போது அந்த மலையில் நின்றால் முதல் விமானம் தரையைத் தொடுவதற்குள் அடுத்ததின் இரைச்சல் வந்துவிடுகிறது.

பாட்டா தோமையார் விஷயத்தில் ஒரு முறை கட்சி மாறினார், அதைச் சொல்ல வேண்டும். சிரிய மொழியில் மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்று ஒரு நூல் உண்டு, அதில் சீடர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள், தோமாவுக்கு இந்தியா விழுகிறது, நான் எபிரேயன், அங்கே போய் என்ன பேசுவது, மாட்டேன் என்கிறார், கடைசியில் இயேசுவே அவரை ஹப்பான் என்கிற வியாபாரிக்கு அடிமையாக விற்றுக் கப்பலேற்றி விடுகிறார். குந்தபார் என்கிற ராஜா அரண்மனை கட்டச் சொல்லிப் பணம் கொடுக்கிறான், இந்தத் தச்சர் அதை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அரண்மனை பரலோகத்தில் தயாராகிறது என்கிறார், "நம்ம ஊரு கண்ட்ராக்டரு இந்தப் பதிலச் சொன்னா விடுவானா?" என்று பாட்டா விழுந்து விழுந்து சிரிப்பார். அப்படி ஒரு ராஜாவே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்று இருந்தபோதுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாப் பக்கமும் ஆப்கானிஸ்தான் பக்கமும் மண்ணிலிருந்து காசுகள் கிடைத்தன, அவற்றில் கொந்தோபர்னேஸ் என்று பெயர், தக்த்-இ-பாஹி கல்வெட்டிலும் அதே பெயர், கி.பி. முதல் நூற்றாண்டுக்காரன், தோமையாரின் காலத்தவன். கன்னிமாரா நூலகத்தில் இதைப் படித்துவிட்டு வந்த நாளில் பாட்டா செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்கு வந்து, "ராஜா இருந்திருக்கான்டீ" என்று பாட்டியிடம் சொன்னார். "ராஜாவ யாரு இல்லன்னா?" என்றாள் பாட்டி.

அதே நூலின் முடிவில்தான் மண் வருகிறது. மஸ்தாய் என்கிற வேறொரு ராஜா நான்கு வீரர்களை விட்டு ஈட்டியால் குத்திக் கொல்கிறான், பிற்பாடு அவன் மகனுக்குப் பேய் பிடிக்கிறது, தோமாவின் எலும்பை எடுத்து மகன்மேல் வைக்கலாம் என்று கல்லறையைத் திறந்தால் எலும்பு இல்லை, சகோதரர்களில் ஒருவர் ஏற்கெனவே மேற்கே கொண்டுபோய்விட்டார், சரி என்று அந்த இடத்து மண்ணை எடுத்துப் போடுகிறான், பையன் எழுந்து உட்காருகிறான். எலும்பு எதேசாவுக்குப் போனது, 384-இல் எகேரியா என்கிற யாத்திரைப் பெண் அங்கே போய்க் கும்பிட்டிருக்கிறாள், பிறகு கியோஸ் தீவு, அங்கேயிருந்து 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனா, 1953-இல் ஒரு கை எலும்பு மட்டும் அங்கிருந்து கொடுங்கல்லூருக்குத் திரும்பி வந்தது, 52-ஆம் ஆண்டில் அவர் கப்பலிலிருந்து இறங்கியதாகச் சொல்கிற அதே கரைக்கு. மண் எங்கேயும் போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் மயிலாப்பூருக்கு வந்த மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்கள் தோமா இறந்த இடத்து மண்ணை எடுத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறான், மயிலுக்குக் குறி வைத்த வேடனின் அம்பு தப்பிப்போய்ப் பட்டுத்தான் தோமா இறந்தார் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறான், அத்தோடு அந்த மண் சிவப்பு என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறான். இங்கேதான் பாட்டா மாட்டிக்கொண்டார். சாந்தோமில் இருப்பது கடல் மணல், வெளுத்த மணல், ஆனால் பாட்டியின் டப்பாவில் இருந்ததோ நல்ல சிவப்பு. பல வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் அன்றைக்கு டப்பாவைக் கேட்டு வாங்கி, வெயிலில் நீட்டிப் பார்த்து, மோந்து, "போலோ செவப்புன்னுதான் எழுதியிருக்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே திருப்பிக் கொடுத்தார், பாட்டி வாங்கி வைத்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

வருடா வருடம் மே மாதம் ஊருக்குப் போவோம். ஒரு மே மாதத்தில் பாட்டி திருவிதாங்கோட்டு அரப்பள்ளிக்குப் போக வேண்டும் என்றாள், தக்கலையிலிருந்து நடந்தே போய்விடலாம், திருவிதாங்கூர் என்கிற பேரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். தோமையார் ஏழரைப் பள்ளி கட்டினார், ஏழு பள்ளி மலையாளக் கரையில், அரைப் பள்ளி இது என்பது ஊர்வழக்கு, அரை இல்லை அரசு, அரசன் இடம் கொடுத்த பள்ளி என்பது பாட்டாவின் கட்சி. மே மாத வெயிலில் நடந்து, புளியமர நிழலில் நின்று நின்று, உள்ளே நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டதுபோல ஓர் அமைதி, கருங்கல் சுவர், உளி பட்ட தடம் மீன் செதிள் மாதிரி வரிசை வரிசையாக, தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல் வழியாக ஒரு பலகை அகலத்துக்கு வெளிச்சம் தரையில் கிடந்தது, எண்ணெய் விளக்கின் வாடை, வௌவால் வாடை. சிலுவையை எடுத்துவிட்டால் சின்ன சிவன் கோயில் என்றே சொல்லிவிடலாம். அது சிரியன் சபைக்காரர்களுடையது, நாங்கள் லத்தீன் கத்தோலிக்கர்கள், "நம்ம சபை இல்லியே" என்று அப்பா இழுத்ததற்கு, "தோமையாரு எந்த சபை?" என்று கேட்டுவிட்டுப் பாட்டி இரண்டு கையையும் விரித்துச் சுவரில் வைத்தாள், கன்னத்தையும் வைத்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து நாங்கள் முன்னால் நடந்தோம், அவள் வேலி ஓரமாகப் பின்தங்கிக் குனிந்தாள், என்ன பாட்டி என்று திரும்பினேன், முள்ளு என்றாள். வீட்டுக்கு வந்து சாயா குடிக்கும்போது அவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது, வெற்றிலைக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

பெருவிழாவை ரோமில் டிசம்பர் 21-இலிருந்து ஜூலை 3-க்கு மாற்றியபோது பாட்டி மாறவில்லை, ஜூலையில் எல்லோரோடும் கோயிலுக்குப் போய்விட்டு, டிசம்பரில் தனியாக மரச்சீனி அவித்து மீன்கறி வைப்பாள், இருக்கிறதிலேயே குறைச்சலான பகல் அது, சந்தேகக்காரனுக்குப் பொருத்தமான நாளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பாட்டாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார், மீன்கறி அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1986 பிப்ரவரியில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் சாந்தோமுக்கு வந்தபோது பாட்டா இல்லை, பாட்டியை நான் கூட்டிப் போனேன், கூட்டத்தில் அவளுக்குத் தெரிந்தது முன்னால் நின்ற ஒரு பெரிய மனிதரின் முதுகு மட்டும், திரும்பி வரும்போது எதுவும் கேட்காமல், அந்த ஆளின் சட்டையில் முதுகுத் தையல் கோணல் என்று சொன்னாள். அதற்கு மறுவருடம் அவளும் போனாள்.

பெண் பதினொன்றேகாலுக்கு வந்தாள், முன்னால் ஒரு குடை பிடித்த விளக்கு, பின்னால் மூன்று கேமராக்கள், தலைக்குமேல் ஈ மாதிரி ஒன்று பறந்தது, பூசை நன்றாகத்தான் நடந்தது, பாட்டுக்காரர்கள் நன்றாகத்தான் பாடினார்கள். முடிந்ததும் சாப்பாட்டுக்குப் போகாமல் கல்லறைக்குப் போனேன், இப்போது பின்பக்கமாகத் தனி வழி, படிகள் அகலம், வெளிச்சம் மூலைமுடுக்கெல்லாம் சமமாக விழுகிறது, படுத்த நிலையில் தோமையார் உருவம், பக்கத்தில் இரண்டு பேர் சத்தமில்லாமல் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, மூச்சு முட்டவில்லை, யாரும் என்னை நசுக்கவில்லை, தரை முழுக்கத் துடைத்து வைத்த கல், மண் என்று ஒரு துளி கிடையாது. கையை நீட்டி எதையாவது தொடலாமென்று பார்த்தேன், கைக்கு எட்டியது கண்ணாடி, அதில் என் விரல் பட்ட இடத்தில் ஒரு புகை வட்டம் வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

வீட்டுக்கு வந்து பீரோவின் மேல்தட்டில், அம்மா போன பிறகு என்னிடம் வந்த சாமான்களுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தேன், மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது, கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். முக்கால் டப்பா இருந்தது. செய்தித்தாளை விரித்து ஜன்னல் ஓரத்தில் கொட்டினேன், சிவப்பு அப்படியே இருந்தது, மெழுகு வாசனை முதலில் வந்தது, அவள் விரலிலிருந்து மூடிக்கு ஏறியதாக இருக்கும், அதற்குப் பின்னால், வெகு பின்னால், மழை. விரலை விட்டுக் கிளறினேன், அவிந்த திரியின் கறுத்த நுனி ஒன்று, ஓட்டு நொறுங்கல் ஒன்று, சுண்டுவிரல் நகமளவு இரண்டு சரளைக் கல், ஒரு தேங்காய் நார், ஒரு பிளவு புளியங்கொட்டை. புளியங்கொட்டையை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். மிச்சத்தைத் தாளை மடித்து டப்பாவுக்குள் சாய்த்து, விரலில் ஒட்டியிருந்ததைத் தட்டாமல், உட்கார்ந்திருந்தேன்.